வாரம் தவறாமல் கழுவிய தொட்டியில் புழு எப்படி வந்தது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக ஆறு வாரத்துக்கு முன்பு கொளத்தூரில் இரண்டடித் தொட்டி, மூன்று கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் மீன் வாங்கி வந்தோம். ஞாயிறு தவறாமல் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறேன். அப்படியும் பத்து நாளாகக் கண்ணாடியில் வெள்ளை நூல் போலப் புழுக்கள் நெளிகின்றன. ஒரு செ.மீ. நீளம் இருக்கும். சிவப்புத் தொப்பி வைத்த ஒரண்டா மீன் (மகள் அதை ராணி என்று கூப்பிடுவாள்) நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் அடியில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை நூல் மாதிரி கழிகிறது. கடையில் கேட்டதற்கு நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றினேன். மகள் காலையும் மாலையும் தீனி போடுவாள், மாமியார் மதியம் போடுவார். நிறம் ஏறும் என்று சொன்னதால் வாரம் ஒருமுறை உயிர்ப்புழுவும் வாங்கிப் போடுகிறோம். புழு மீனுக்குள் போய்விட்டதா? பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையைக் கரைத்து ஊற்றலாமா? மகள் தொட்டிக்குள் கையை விடுகிறாள், அவளுக்கும் தொற்றுமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா? – மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம். எதையும் கொட்ட வேண்டாம். மாத்திரையையும் கரைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கண்ணாடியில் நெளிகிற புழு ராணியின் வயிற்றிலிருந்து வந்தது அல்ல, அவள் வயிற்றுக்குள் போய் நோயைக் கொடுக்கிற வகையும் அல்ல. ராணி நலமாக இருந்தால் அந்தப் புழுவைக் கொத்தித் தின்றுகொண்டிருப்பாள். புழு வந்ததற்கும் ராணி படுத்ததற்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற தொடர்பு அல்ல.

மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் இதைச் செய்துவிடுங்கள். இன்றிலிருந்து மூன்று நாளைக்கு யாரும் தீனி போடக் கூடாது. மகளிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டு, தீனி டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள். வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டு விட்ட தண்ணீரை ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்குதான், முழுவதும் அல்ல. கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடாதீர்கள்.

சரி, இப்போது புழுவுக்கு வருவோம்.

இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி உருண்டையாக, வெளுத்து, தண்ணீரில் விடுபட்டால் பாம்பு போல எஸ் வடிவத்தில் துடித்துத் துடித்து நீந்துகிறதா? அப்படியென்றால் அது மண்புழுவின் தூரத்துச் சொந்தம். கல்லிடுக்கில் தங்கியிருக்கிற மக்கிய தீனியையும் மீன் கழிவையும் தின்று வாழ்கிற புழு. தோட்டத்து மண்ணில் மண்புழு செய்கிற வேலையை இது தொட்டியின் அடியில் செய்கிறது. ஏறக்குறைய எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும், கல்லுக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது கண்ணாடி ஏறி வருகிறது என்றால் ஒன்று, கீழே சாப்பாடு மிதமிஞ்சிக் கிடந்து பெருகிவிட்டது. இல்லையென்றால் கல்லுக்குள் ஆக்ஸிஜன் குறைந்துபோய் மேலே வருகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் நடக்கும்.

அப்படி இல்லாமல், தட்டையாக, நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிறதா? தலை அம்பு முனை மாதிரி முக்கோணமாக இருந்து, அதில் இரண்டு புள்ளிகள் கண்போலத் தெரிகிறதா? அது பிளனேரியா. வளர்ந்த தங்கமீனுக்கு அதனாலும் ஆபத்து இல்லை. இறால் வளர்ப்பவர்களுக்கும், மீன் முட்டையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும்தான் தலைவலி. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், அதைக் கண்ணாடியோடு வைத்து நசுக்கவோ பிளேடால் சுரண்டவோ கூடாது. துண்டு ஒவ்வொன்றும் தனிப் புழுவாக வளர்ந்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் 'நூல்', 'நெளிகிறது' என்ற இரண்டு சொற்கள் இருப்பதால் முதல் வகைதான் என்று நினைக்கிறேன்.

வாராவாரம் கழுவியும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இந்தப் புழுவின் முட்டைக்கூடு கல்லிலும் ஃபில்டர் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், குழாய்த் தண்ணீரில் அலசினால் போகாது. அடுத்த நாளே மூன்று வேளைத் தீனி விழ ஆரம்பித்ததும் திரும்பப் பெருகிவிடும். நீங்கள் வாங்குகிற உயிர்ப்புழுப் பொட்டலத்தோடு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சிவப்பு ட்யூபிஃபெக்ஸ் புழு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தத்தில் நமக்கு இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பாகத் தெரியும், அதனால்தான் ஆக்ஸிஜன் இல்லாத சாக்கடைச் சேற்றிலும் அதனால் வாழ முடிகிறது. அது எங்கே கிடைக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். சாக்கடைக் கால்வாய்ச் சேற்றிலிருந்து அள்ளி, தண்ணீரில் அலசி விற்கிறார்கள். அந்தச் சேற்றில் இருக்கிற பாக்டீரியாவும் கூடவே வரும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நிறம் ஏறுவதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ராணிக்கு என்ன ஆகியிருக்கும் என்பது இதில்தான் இருக்கிறது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். அது மீனுக்கு விஷம், செவுளைப் புண்ணாக்கும். ஆற்றிலோ குளத்திலோ தண்ணீர் பெரிது, அதனால் கரைந்து போய்விடும். தொட்டியில் அதைக் கவனித்துக்கொள்வது ஒருவகை பாக்டீரியா. கல்லின் மேலும், முக்கியமாக ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை, வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுதாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

நீங்கள் தொட்டி வாங்கி ஆறு வாரம் ஆகிறது. இந்நேரம் கூட்டம் குடியேறி முடித்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிறுதோறும் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து தேய்த்தபோது, அந்த வாரம் குடியேறியதெல்லாம் செத்துப்போயிருக்கும். திங்கட்கிழமை உங்கள் தொட்டி மறுபடியும் முதல் நாள் தொட்டி. ஆறு வாரமாக அது முதல் வாரத்தைத் தாண்டவே இல்லை. போன வாரம் ஊற்றிய நீல மருந்து, அநேகமாக மெத்திலின் புளூ, மிச்சம் இருந்ததையும் சேதப்படுத்தியிருக்கும். தனி வாளியில் வைத்து மீனுக்குக் கொடுக்க அது நல்ல மருந்துதான். ஃபில்டர் ஓடுகிற தொட்டியில் ஊற்றுகிற மருந்து அல்ல.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில் நீங்கள் செய்தது. வீட்டைச் சுத்தம் செய்கிற முறை மீன்தொட்டிக்குப் பொருந்தாது என்று யாராவது வாங்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் வருகிற தங்கமீன் கேஸ்களில், புறக்கணித்த தொட்டிக்கு நிகராக, அளவுக்கு மீறிக் கழுவிய தொட்டியும் வருகிறது. மீன்வளம் படித்து வெளியே வந்த புதிதில் நானும் இதைத் தவறவிட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் இதே மாதிரி துடுப்பை மடக்கிப் படுத்திருந்த மீனுக்கு ஒட்டுண்ணி என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மருந்து கொடுத்தேன். நான்காம் நாள்தான் தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குப்பியில் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. மீன் அன்று இரவே போய்விட்டது. அன்றிலிருந்து மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்கிறேன்.

உங்கள் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற எண்) 8-ஐ ஒட்டி இருக்கும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றொன்றுதான் செவுளுக்குள் புகுந்து கொல்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது ஏழு பங்கைத் தாண்டிவிடும். அதாவது அதே அளவு அழுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாகிறது. வெயில் காலத்தில் இன்னும் ஏறும். போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். புழு கண்ணாடி ஏறுவதும் ராணி மூச்சுக்குத் திணறுவதும் ஒரே இடத்தில் வந்து சேர்வது இங்கேதான்.

ஆகவே செலவு செய்வதாக இருந்தால் மருந்துக்குச் செய்யாமல் அம்மோனியா சோதனைக் கிட்டுக்குச் செய்யுங்கள். சொட்டு மருந்து மாதிரி திரவமாக வருவதை வாங்குங்கள், பட்டையாக வருவதைவிட நம்பகமானது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் பிடித்து, சொல்லியிருக்கிற அளவு சொட்டு விட்டு, சில நிமிடம் வைத்துவிட்டு அட்டையோடு ஒப்பிட வேண்டும். கடையில் அதிகம் கிடைக்கிற கிட்டில் மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். உங்கள் தண்ணீருக்கு லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஒன்று காட்டினால் பாதி. அடுத்த ஒரு மாதத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சோதிக்க வேண்டியிருக்கும், அலுப்பாகத்தான் இருக்கும். நைட்ரைட்டுக்கும் ஒரு கிட் இருந்தால் நல்லது.

தண்ணீர் மாற்றுவதிலும் இரண்டு கவனம். லாரித் தண்ணீர் சம்ப்பில் விழுகிற வீடாக இருந்தால், எந்த லாரியில் எவ்வளவு குளோரின் என்று மோந்து பார்த்துச் சொல்ல முடியாது, எப்போதும் ஆன்டி குளோரின் விடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட், சில நிமிடத்தில் குளோரினை முறித்துவிடும். அடுத்து, மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் மூன்று மணிக்குக் கைபொறுக்காத சூட்டில் வரும், அதை அப்படியே ஊற்றினால் மீன் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இரவே பக்கெட்டில் பிடித்து வைத்து, காலையில் ஊற்றுங்கள்.

ராணியைத் தனியாக வைக்கலாம். சோப்பு படாத 20 லிட்டர் டப் ஒன்று, ஏர் பம்பில் மாட்டுகிற ஒரு ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடுகிற கல்), வெளிச்சம் குறைந்த மூலை. அதில் குளோரின் நீக்கிய தண்ணீர். சமையலறைத் தராசில் 20 கிராம் கல் உப்பை நிறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மறுநாள் இன்னொரு 20 கிராம். லிட்டருக்கு 2 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மீனின் உடம்புக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிற பளுவை உப்பு குறைக்கும், நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதையும் தடுக்கும். தினமும் டப் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு அதே விகிதத்தில் உப்புப் போட்ட புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டப்பில் ஃபில்டர் இல்லை என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. மேலே ஒரு வலையைப் போட்டு மூடுங்கள், படுத்த மீன் திடீரென்று துள்ளும். பெரிய தொட்டியில் உப்புப் போட வேண்டாம், சக்கர் மீனுக்கு ஒத்துக்கொள்ளாது.

வெள்ளை நூல் மாதிரி கழிவதைப் பற்றிக் கேட்டீர்கள். நான்கு நாள் சாப்பிடாத மீனுக்குக் குடலில் வெளியேற்ற ஒன்றும் இல்லை, குடலின் சளிதான் அப்படி வெள்ளையாக இழுத்துக்கொண்டு வரும். அதை மட்டும் வைத்து வயிற்றில் புழு என்று சொல்ல முடியாது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் முதுகு கத்தி மாதிரி மெலிந்து வயிறு உள்ளே ஒட்டுகிறது என்றால்தான் எனக்குக் குடல்புழுச் சந்தேகம் வரும்.

பயப்பட வேண்டிய புழு ஒன்று இருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயை உற்றுப் பாருங்கள். அங்கேயிருந்து ஊசிமுனை தடிமனில் சிவப்பாக, துடைப்பக் குச்சிக் கொத்து மாதிரி இரண்டு மூன்று நீட்டிக்கொண்டு, மீன் நகர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறதா? அது கமலானஸ். குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிற உருளைப்புழு. முட்டையிடாது, குட்டி போடும். ஒரு மீனிலிருந்து மற்றதற்குத் தொட்டி முழுவதும் பரவும். கப்பி, ஃபைட்டர் மீன்களில் அதிகம், தங்கமீனிலும் வரலாம். அதற்கு லெவாமிசோல் என்று மருந்து இருக்கிறது, ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுப்பதுதான். ஆட்டுக்கான பாட்டிலை வாங்கிக் கண்ணளவாக ஊற்றிவிடாதீர்கள், தொட்டியின் லிட்டர் கணக்குக்கு மில்லிகிராமில் கணக்குப் போட வேண்டிய மருந்து அது. புழுவைக் கொல்லாது, மரத்துப்போக வைத்துப் பிடியை விடச் செய்யும், விழுந்ததை உடனே குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குட்டிகள் தப்பியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் படமெடுத்து மீன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தங்கமீனில் இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறோம். செதிலுக்கு நடுவில் வைக்கோல் துண்டு குத்தியது போல நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் இரண்டு வால் பிரிந்திருக்கும், குத்திய இடம் சிவந்திருக்கும். நங்கூரப் புழு என்று பெயர், உண்மையில் புழுவே அல்ல, இறாலின் இனம். அந்த இரண்டு வாலும் முட்டைப் பைகள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

பள்ளி மாத்திரைக்கு வருகிறேன். பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அல்பெண்டசோல். மனிதக் குடலில் இருக்கிற உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்காக 400 மில்லிகிராம் கணக்கில் செய்த மாத்திரை. தண்ணீரில் சரியாகக் கரையாது, தூளாகக் கல்லில் படியும். படிந்து கல்லிடுக்குப் புழு நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் செத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அத்தனையும் அங்கேயே அழுகி, அம்மோனியா இன்னும் ஏறும். புழுவுக்காக ஊற்றுகிற மருந்து மீனைக் கொல்வது பலசமயம் இப்படித்தான்.

உங்கள் மகளுக்குத் தொற்றாது. பிள்ளைகளின் வயிற்றில் வருகிற புழுக்கள் பெரும்பாலும் மனித மலம் கலந்த மண் வழியாக வருபவை, இந்தத் தொட்டிப் புழுவால் மனித உடம்பில் வாழ முடியாது. ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கை விடுவதைக் கட்டுப்படுத்துங்கள். மீன்தொட்டியில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கக்கூடும், காசநோய்க் கிருமியின் இனம். கையில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் அதன் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத முடிச்சு முடிச்சான புண்ணைக் கொடுக்கும். காயம் இல்லாத கை என்றால் தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நீங்களும் ட்யூப் வைத்துத் தண்ணீர் இறைக்கும்போது வாயால் உறிஞ்சாதீர்கள். ட்யூபைத் தொட்டிக்குள் முழுக்க அமிழ்த்தி, நிரம்பியதும் ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே தாழ்த்தினால் தானாக ஓடும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் வேண்டாம்.

அப்புறம், இனிமேல் சுத்தம் செய்கிற முறை. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். உங்கள் இரண்டடித் தொட்டியில் கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர்தான் நிற்கும், பத்து லிட்டர் பக்கெட்டில் ஒன்றரை பக்கெட் இறைத்தால் போதும். இறைக்கும்போது ட்யூபின் முனையைக் கல்லுக்குள் அழுத்துங்கள். முதல்முறை அழுத்தும்போது பார்ப்பீர்கள், பழுப்பாக ஒரு புகை கிளம்பி ட்யூபுக்குள் ஏறும், அதில் வெள்ளை நூல்களும் துடித்துக்கொண்டு போகும். அதுதான் உங்கள் புழு, அதன் சாப்பாட்டோடு சேர்ந்து வெளியே போகிறது. ஒரு வாரம் இடது பாதிக் கல், அடுத்த வாரம் வலது பாதி. ஒரே நாளில் முழுவதையும் கிளறாதீர்கள். ஸ்பாஞ்ச் ஓட்டம் குறைந்தால் மட்டும், இறைத்த தொட்டித் தண்ணீரிலேயே நான்கைந்து முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். தீனி குறைந்து கல்லும் இப்படிச் சுத்தமானால் மூன்று நான்கு வாரத்தில் புழு கண்ணாடியில் தெரியாது. நீல மருந்தின் மிச்சத்தை எடுக்க ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கி ஃபில்டர் ஓட்டத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள்.

தீனி விஷயம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியது. தங்கமீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது, வாயிலிருந்து நேராகக் குடல்தான். அதனால் எவ்வளவு போட்டாலும் பசி அடங்காத மாதிரி கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து காட்டும். மாமியார் மனம் இளகுவது எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் அந்தக் காட்சியைத் தாங்க முடியாது. மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு, மீனுக்கு மூன்று நான்கு குருணை, ஒரு நிமிடத்தில் ஒன்றும் மிச்சமில்லாமல் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு இரண்டு வேளை. மிதக்கிற குருணையை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள், காற்றை விழுங்காமல் இருக்கும். வாரம் இரண்டு நாள் குருணைக்குப் பதில் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, விரலால் மசித்துக் கொடுங்கள். குடலுக்கு நல்லது, மாமியார் கையாலேயே கொடுக்கட்டும். நிறம் ஏறுவதற்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணை கடையில் கிடைக்கும், சாக்கடைப் புழு தேவையில்லை.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 45 லிட்டர் தண்ணீர் மூன்று தங்கமீனுக்கும் ஒரு சக்கருக்கும் போதாது. இப்போது மூன்று அங்குலம் இருக்கிற ராணி நன்றாக வளர்ந்தால் ஏழெட்டு அங்குலம் வரை போவாள். சக்கர் ஒரு அடியைத் தாண்டும். டேங்க் கிளீனர் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் அது சுத்தம் செய்வதைவிட அழுக்குப் போடுவதே அதிகம். சக்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தங்கமீன்களுக்கு ஆறேழு மாதத்துக்குள் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி, அதாவது 190 லிட்டர், பார்க்க முடிந்தால் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். முடியாது என்றால் இரண்டை வசதியுள்ள வேறு வீட்டுக்குக் கொடுப்பது அவற்றுக்கு நல்லது. கடையில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதற்காகச் சக்கரைப் பள்ளிக்கரணைச் சதுப்பிலோ பக்கத்து ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன். தமிழகத்து நீர்நிலைகளில் இப்படி விடப்பட்டே பெருகி, நம் கெண்டை, கெளுத்தியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு நாம் அந்தத் தீங்கைச் செய்யக் கூடாது.

ராணி பிழைப்பாளா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. அவள் பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், உடம்பில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நல்ல தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் மடக்கிய முதுகுத் துடுப்பு நிமிரத் தொடங்கும், அதுதான் முதல் நல்ல அடையாளம், சாப்பிடுவது அதற்குப் பிறகு. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பாக இருந்தாலும், சாய்ந்து மிதந்தாலும், செதில்கள் தேவதாருக் காய் மாதிரி சிலிர்த்து நின்றாலும் காத்திருக்காதீர்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, போனில் கேட்டுவிட்டு மீனை உயிரோடு காற்றடைத்த பையிலும், தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலிலும் கொண்டு போங்கள். செதில் சிலிர்த்த மீன் மீள்வது கடினம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படி ஆனால் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தெரியாமல் வேறு மீனை வாங்கி வைக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். காலையில் பள்ளிக்குப் போகும் முன்னும் மாலையில் வந்த பின்னும், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் ராணியின் செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணட்டும். அதேபோல் தொட்டியில் இருக்கிற மற்ற இரண்டையும் எண்ணட்டும். மூன்று எண்ணையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டட்டும். பக்கத்தில் நீங்கள் அன்றைய அம்மோனியா அளவை எழுதுங்கள். பத்து நாள் கழித்து அந்தத் தாளையும், கண்ணாடிப் புழுவை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். ராணியின் எண்ணிக்கை மற்ற இரண்டின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்த அன்றே டப்பில் உப்பைக் குறைக்க ஆரம்பிக்கலாம். எப்படிக் குறைப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.